தொட்டியில் 76 கிலோ எரிபொருள் இருந்தது, இரண்டு இன்ஜினும் நின்றன: கேள்வி பதில்

2013 நவம்பர் 29 இரவு 10.22 மணிக்கு, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உள்ள கிளத்தா வால்ட்ஸ் என்னும் மதுக்கூடத்தின் கூரையைப் பிளந்துகொண்டு ஒரு போலீஸ் ஹெலிகாப்டர் விழுந்தது. அது இரட்டை இன்ஜின் கொண்ட யூரோகாப்டர் இசி135 வகை. ஹெலிகாப்டரில் இருந்த மூவரும், கூடத்தில் இசை கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஏழு பேரும் இறந்தார்கள். ஹெலிகாப்டர் பராமரிப்பில் பல ஆண்டுகள் கழித்தவன் என்பதால் இந்த விபத்தைப் பற்றி என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஐயா, எரிபொருள் தீர்ந்துபோனதுதான் காரணமா? – கல்லூரி மாணவி

தீரவில்லை அம்மா. இன்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை. இந்த ஹெலிகாப்டரில் ஒரு பெரிய முதன்மைத் தொட்டியும், இன்ஜினுக்கு ஒன்றாக இரண்டு சிறு தொட்டிகளும் உண்டு. இன்ஜின் குடிப்பது சிறு தொட்டியிலிருந்து மட்டும்தான். பெரிய தொட்டியிலிருந்து சிறு தொட்டிகளுக்கு இரண்டு பம்புகள் எரிபொருளை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாடியில் உள்ள தொட்டி வறண்டிருந்தால் கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் குழாயில் சொட்டு வராது அல்லவா, அதே கதைதான்.

சிதைவைப் பிரித்துப் பார்த்தபோது முதன்மைத் தொட்டியில் 76 கிலோ இருந்தது. சிறு தொட்டிகள் இரண்டும் ஏறக்குறைய வறண்டிருந்தன. இரண்டு பம்புகளின் சுவிட்சுகளும் அணைந்த நிலையில் இருந்தன. முதலில் வலது இன்ஜின் நின்றது. 32 விநாடி கழித்து இடது இன்ஜினும் நின்றது.

பம்பை யாராவது அணைப்பார்களா? – பஸ் ஓட்டுநர் ஒருவர்

அணைப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. எரிபொருள் குறைந்த நிலையில் ஹெலிகாப்டர் ஒரே இடத்தில் நின்று பறக்கும்போது, அதன் சாய்வால் முன்பக்கப் பம்பின் வாய் எரிபொருளுக்கு வெளியே வந்துவிடும். வறண்டு ஓடுவதாக எச்சரிக்கை வரும், விமானி அதை அணைப்பார். மீண்டும் முன்னோக்கிப் பறக்கும்போது போட்டுவிட வேண்டும். அன்று இரண்டுமே போடப்படவில்லை. ஏன் என்பதற்கு இன்றுவரை முழுமையான விடை இல்லை.

எச்சரிக்கை விளக்கு எரியவில்லையா? அளவுகாட்டி தவறாகக் காட்டியிருக்குமா? – பாலிடெக்னிக் ஆசிரியர்

நல்ல கேள்வி. எரிபொருள் அளவைக் காட்டும் உணரி வேறு, 'குறைந்துவிட்டது' என்று எச்சரிக்கும் உணரி வேறு. ஒன்று பழுதானால் மற்றது காப்பாற்றட்டும் என்றுதான் அப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அன்று குறை எரிபொருள் எச்சரிக்கை ஐந்து முறை வந்தது, ஐந்து முறையும் அதைப் பார்த்துவிட்டதாக விமானி அறையில் ஏற்கப்பட்டிருக்கிறது. அந்த எச்சரிக்கை வந்தால் பத்து நிமிடத்துக்குள் தரையிறங்க வேண்டும் என்பது விதி. எச்சரிக்கை பொய்யாக இருக்கலாம் என்று விமானி துணிந்துவிட்டார் என 2019இல் ஸ்காட்லாந்து நீதி விசாரணை முடிவு கூறியது. என்னால் அதை அரைமனத்தோடுதான் ஏற்க முடிகிறது. ஐந்து முறை எச்சரிக்கை வந்ததும், ஏற்கப்பட்டதும் இயந்திரம் சொன்ன தகவல். அந்த மனிதர் என்ன நினைத்தார் என்பது ஊகம், அவர் வந்து பதில் சொல்ல முடியாது.

இன்ஜின் நின்றாலும் ஹெலிகாப்டர் இறங்க முடியும் என்கிறார்களே? – அதே ஆசிரியர்

முடியும். ஆனால் மேல் விசிறியின் சுழற்சி குறைவதற்குள், விசிறித் தகடுகளின் சாய்வை மாற்றும் இடக்கை நெம்புகோலை விமானி இறக்கிவிட வேண்டும். அப்படிச் செய்தால் கீழே விழும் வேகத்தின் காற்றே விசிறியைச் சுழற்றிக்கொண்டிருக்கும். கிடைப்பது மிகக் குறுகிய அவகாசம். சுழற்சி ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் மீட்க வழியில்லை. அது இரவு நேரம், கீழே நெருக்கமான நகரம். போதாக்குறைக்கு, இரண்டு இன்ஜினும் நின்றபின் ஒரு சுவிட்சைப் போட்டால்தான் தரையிறங்கு விளக்குக்கும் உயரம் காட்டும் ரேடார் கருவிக்கும் மின்சாரம் கிடைக்கும். அந்தச் சுவிட்ச் போடப்படவில்லை.

மோதியபோது மேல் விசிறியும் வால் விசிறியும் சுழலவே இல்லை.

சுழலவில்லை என்று எப்படித் தெரியும்? – பலர்

சுழலும் தகடு மோதினால் நுனி கிழியும், துண்டுகள் தொலைவில் தெறிக்கும், எதிர்ப்பட்டதில் வெட்டுத் தழும்பு விழும். நின்ற தகடு மடங்கும், அவ்வளவுதான். என் தொழிலில் நான் மறக்காத ஒன்றையும் சொல்கிறேன். பழைய எச்சரிக்கை விளக்குகளின் சின்ன பல்பை எடுத்து உருப்பெருக்கியில் வைத்துப் பாருங்கள். மோதலின்போது அது எரிந்துகொண்டிருந்தால், சூட்டில் இளகிய இழை சேமியாவைப் போல நீண்டு தொய்ந்திருக்கும். அணைந்திருந்தால் இழை அப்படியே இருக்கும், அல்லது பட்டென்று ஒடிந்திருக்கும். கடுகளவு பொருள், ஒரு சாட்சியின் வாக்குமூலம்!

பறவை மோதலா, சதியா? – ஒருவர்

இல்லை. இன்ஜின்களிலும் பல்சக்கரப் பெட்டியிலும் மோதலுக்கு முந்தைய பழுது எதுவும் அகப்படவில்லை.

கறுப்புப் பெட்டி என்ன சொன்னது? – கல்லூரி மாணவி

அது இல்லவே இல்லை அம்மா. இந்த எடையில் உள்ள ஹெலிகாப்டருக்கு அன்றைய சட்டம் அதைக் கேட்கவில்லை. கருவிகளின் நினைவகத்தில் தங்கியிருந்த துணுக்குகளைக் கொண்டுதான் ஃபார்ன்பரோவில் உள்ள பிரிட்டிஷ் விமான விபத்துப் புலனாய்வுக் கிளை கதையை ஒட்டவைத்தது. 2015 அக்டோபரில் வந்த அறிக்கை என்ன நடந்தது என்று தெளிவாகச் சொல்கிறது. ஏன் என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. பத்துக் குடும்பங்கள் காத்திருந்தது அந்த 'ஏன்' என்பதற்காகத்தான். போலீஸ், ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர்களில் பதிவுக் கருவி வேண்டும் என்று அதே அறிக்கை பரிந்துரைத்தது.

சிறிய ஹெலிகாப்டருக்கு அது அவசியமா? செலவு அதிகமாகாதா? – பயிற்சி விமானி

தம்பி, 1992இல் கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் அருகே ராபின்சன் நிறுவனத்தின் ஆர்22 என்னும் சிறிய ஹெலிகாப்டர் ஒன்று பயிற்சியின்போது வானிலேயே சிதறியது. பாடத்தைப் பதிவு செய்ய ஒரு சிறிய ஒலிநாடாக் கருவி உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்த பேச்சு திடீரென்று அறுபட்டது அதில் பதிவாகியிருந்தது. அதற்குமுன் இத்தகைய விபத்துகளில் சிதைவு மட்டுமே மிஞ்சும். இங்கே ஒலிநாடா இருந்ததால், அது முன்னறிவிப்பில்லாமல் கணத்தில் நடந்தது என்றாவது புரிந்தது. நியூசிலாந்தில் இதே நிறுவனத்தின் ஆர்44 ஹெலிகாப்டர்கள் வானில் சிதறியபோது, அந்நாட்டுப் புலனாய்வு ஆணையம் விமானி அறையில் வீடியோ பதிவு வேண்டும் என்று கேட்டது. உங்கள் பயிற்றுநர் அனுமதித்தால், நீங்கள் பறக்கும் ஹெலிகாப்டரில் ஒரு சிறிய கேமராவை உறுதியாகப் பொருத்தச் சொல்லுங்கள். கருவிப் பலகையும் இருவர் கைகளும் அதில் தெரிய வேண்டும்.