மூன்று நாள் நின்றால் செல்ஃப் எடுக்காத கார்

வியாசர்பாடியிலிருந்து டொராண்டோ போய் இரண்டு மாதம்தான் ஆகிறது, வாங்கிய பழைய கார் மூன்று நாள் சேர்ந்தாற்போல் நின்றால் செல்ஃப் எடுப்பதில்லை, புது பேட்டரி போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள் தம்பி. நான் போட்டு ஏமாந்தவன்.

அங்கே போய் எனக்குப் பதினாறு வருடம். இப்போது லீவில் தண்டையார்பேட்டை வீட்டில் இருக்கிறேன். நேற்று எதிர்வீட்டு மாருதிக்கும் இதே சீக்கு. தெருப் பையன்கள் நாலு பேர் தள்ள, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் பிடித்துக்கொண்டது. உங்களுடையது ஆட்டோமேட்டிக்காக இருந்தால் ஊரே திரண்டு தள்ளினாலும் எடுக்காது. தள்ள ஆள் கிடைப்பது வேறு விஷயம்.

என் முதல் குளிர்காலத்தில் கடைக்காரர் "பேட்டரி போச்சு" என்றார். மாற்றினேன். நாலாம் நாள் புதுசும் படுத்துவிட்டது. அப்புறம்தான் வோல்ட், ஆம்பியர் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கினேன்.

இரவெல்லாம் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பக்கம்தான் கோளாறு. வருகிறது, ஆனாலும் நின்றால் இறங்குகிறது என்றால் எதுவோ கரண்டைக் குடிக்கிறது. பேட்டரியே கிழடாகியும் இருக்கலாம். அதனால்தான் அளக்கச் சொல்கிறேன்.

மைனஸ் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து மாட்டுங்கள். இது மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். கதவைத் திறந்து வைத்து, அதன் பூட்டை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடியதாக வண்டியை நம்பவைக்க வேண்டும். ரிமோட் சாவியைத் தூரத்தில் வைத்துவிட்டு அரைமணி நேரம் சும்மா இருங்கள். வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். அதற்குப் பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. எனக்கு 450 காட்டியது. ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர் மணிக்கு மேல்! குளிரில் பாதி பலம் போன பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். உள்விளக்கு ஃபியூஸை எடுத்ததும் சட்டென்று 30க்கு இறங்கியது. எந்த விளக்கு? செல்போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடினேன். எடுத்துப் பார்த்தால் உள்ளே கல்யாண வீடு மாதிரி வெளிச்சம். மூடினால் அணைக்க வேண்டிய சுவிட்ச் துருப்பிடித்துச் சிக்கியிருந்தது.

உங்கள் வண்டியில் முன்பு இருந்தவர் டேஷ்கேம், வேறு ஸ்டீரியோ ஏதாவது மாட்டியிருந்தால் முதலில் அவற்றைப் பாருங்கள். எந்த ஃபியூஸை எடுத்தும் குறையாவிட்டால், கரண்ட் திரும்பி ஓடாமல் தடுக்கும் ஆல்டர்னேட்டர் டயோடு கெட்டிருக்கலாம். அதை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். இன்னொன்று: சுத்தமாக இறங்கிய பேட்டரி அங்கத்திய குளிரில் உறைந்தே போகும். பக்கவாட்டில் வீங்கியிருந்தால், வேறு வண்டி பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு ஜம்ப் ஸ்டார்ட் பண்ணாதீர்கள், வெடிக்கலாம்.

அந்த சுவிட்சை நான் இன்றுவரை மாற்றவில்லை. பல்பைக் கழற்றிவிட்டேன், மளிகைச் சாமானை இருட்டில் தடவித்தான் எடுக்கிறேன்.