ஆங்கிலிக்கன் கத்தோலிக்கத் திருச்சபை போப்புக்கு உட்பட்டதா?

இல்லை. அமெரிக்காவில் நீங்கள் போகத் தொடங்கியிருக்கும் ஆங்கிலிக்கன் கத்தோலிக்கத் திருச்சபை போப்புக்கு உட்பட்டதும் அன்று, உலக ஆங்கிலிக்கன் சபைகளின் முதன்மை ஆயரான கேன்டர்பரி பேராயருடன் ஐக்கியத்தில் இருப்பதும் அன்று.

குழப்பத்துக்குக் காரணம் பெயர்ப்பலகையில் உள்ள ‘கத்தோலிக்க’ என்ற சொல்லாக இருக்கலாம். விசுவாசப் பிரமாணத்தில் வரும் பொருளில், அதாவது பிளவுபடாத ஆதித் திருச்சபையின் முழு விசுவாசம் என்ற பொருளில்தான் அவர்கள் அதைக் கையாளுகிறார்கள். 1976-இல் அமெரிக்காவின் ஆங்கிலிக்கன் சபையான எபிஸ்கோப்பல் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்க ஒப்புதல் தந்து, ஜெபப் புத்தகத்தைத் திருத்தவும் முற்பட்டபோது, அதை ஏற்காதவர்கள் 1977-இல் செயின்ட் லூயிஸ் நகரில் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஞானஸ்நானம், நற்கருணை முதலிய ஏழு சாக்கிரமந்துகள், மூன்று விசுவாசப் பிரமாணங்கள், ஆதித் திருச்சபையின் ஆயர்கள் கூடிய ஏழு பொதுச் சங்கங்கள், ஆண்களுக்கு மட்டுமே குருப்பட்டம் என்பன அதில் உறுதிசெய்யப்பட்டன. அந்தக் கூட்டத்தின் வழிவந்ததே இந்தத் திருச்சபை. இதை வெறும் பெண்குருத்துவ எதிர்ப்பாகச் சுருக்குவது, என் பார்வையில், அவர்களுக்குச் செய்யும் அநீதி. திருச்சபை தான் பெற்றுக்கொண்டதை வாக்கெடுப்பால் மாற்றலாமா என்பதே அவர்களின் அடிப்படைக் கேள்வி.

ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்: ஞாயிறு ஆராதனையின் மன்றாட்டில் போப்பின் பெயர் சொல்லப்பட்டால், அது ஆங்கிலிக்கன் மரபைக் காத்துக்கொண்டே ரோமுடன் இணைந்தவர்களுக்காக 2012-இல் வட அமெரிக்காவில் நிறுவப்பட்ட ரோமன் கத்தோலிக்க அமைப்பின் பங்கு ஆலயமாக இருக்கக்கூடும், இரண்டின் வழிபாடும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே ஒலிக்கும்.

செயின்ட் லூயிஸ் வழிவந்த சிறு சபைகள் பல உள்ளதால், நற்கருணை பெறுமுன், அது எந்தச் சபையைச் சேர்ந்தது என்று அந்தக் குருவிடமே கேட்டுவிடுங்கள்.