ஆறு மாதத்துக்கென்று போனவர்கள்

அன்புள்ள ஐயா,

1961ல் காங்கோவில் உயிர்விட்ட கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அன்றைக்கு இந்தியா, ஸ்வீடன், அயர்லாந்து என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் போய் ஆப்பிரிக்காவில் அமைதி காத்தார்கள். இப்போது ஆப்பிரிக்க ஒன்றியமே படை அனுப்புகிறது, ஆனால் அந்தப் படைக்குப் படி அளப்பது ஐரோப்பா என்று ஒரு செய்தியில் பார்த்தேன். அப்படியென்றால் இது கூலிப்படைக்கு வைத்த நல்ல பெயர்தானே? 'ஆப்பிரிக்கப் பிரச்சினைக்கு ஆப்பிரிக்கத் தீர்வு' என்பதெல்லாம் மேடைப் பேச்சா? இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்தியா ஏன் சோமாலியா பக்கம் போகவில்லை?

செந்தில்குமார், ஈரோடு

அன்புள்ள செந்தில்குமார்,

கூலிப்படை என்று நானும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். சோமாலியா விவகாரத்தைக் கொஞ்சம் ஊன்றிப் படித்தபின் அந்தச் சொல் வாயில் வருவதில்லை. ஆப்பிரிக்க ஒன்றியத்தில் 55 நாடுகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பேசினால் எதையும் பேசியதாகாது. நீங்கள் கேட்ட சோமாலியாவிலேயே நிற்போம்.

2006 டிசம்பரில் எத்தியோப்பியப் படை சோமாலியாவுக்குள் நுழைந்து, தலைநகர் மொகதிஷுவை ஆண்டுகொண்டிருந்த இஸ்லாமிய நீதிமன்றங்களின் கூட்டமைப்பை விரட்டியது. விரட்டியவர்களுக்கு அங்கே நிரந்தரமாக உட்கார விருப்பமில்லை. அவர்கள் இடத்தில் நிற்க யாராவது வேண்டும். 2007 ஜனவரியில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அமைதி, பாதுகாப்பு மன்றம் அமிசோம் என்ற படைக்கு ஒப்புதல் கொடுத்தது, அடுத்த மாதம் ஐ.நா. பாதுகாப்பு மன்றமும் தலையசைத்தது. தாளில் எழுதியது 8,000 பேர், ஆறு மாதம். அதற்குப் பிறகு ஐ.நா. வந்து பொறுப்பேற்கும் என்பது எதிர்பார்ப்பு. நைஜீரியா, கானா, மலாவி எல்லாம் ஆள் தருவதாகச் சொல்லின. மார்ச்சில் வந்து இறங்கியது உகாண்டாக்காரர்கள் மட்டும், சுமார் 1,600 பேர். விமான நிலையத்தில் வரவேற்பு நடந்துகொண்டிருக்கும்போதே மோர்ட்டார் குண்டுகள் விழுந்தன. ஆண்டுக் கடைசியில் புருண்டி வந்தது. சொன்ன மற்றவர்கள் வரவே இல்லை.

புருண்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன். ஆப்பிரிக்க ஒன்றியம் தன் வாழ்நாளில் முதல் அமைதிப்படையை 2003ல் அனுப்பியதே அந்த நாட்டுக்குத்தான். நான்கு ஆண்டுகளில் அந்த நாடு இன்னொரு நாட்டுக்கு அமைதிப்படை அனுப்புகிறது.

அந்த ஆரம்ப வருடங்கள் எப்படி இருந்தன என்பதற்கு ஒரு விஷயம் சொல்கிறேன். 2009ல் மொகதிஷு முகாமில் இருந்த வீரர்களுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. மூச்சு வாங்கியது, நெஞ்சு வலித்தது. எலிக்காய்ச்சலா, விஷமா என்று தெரியாமல் ஐம்பது பேருக்கு மேல் விமானத்தில் நைரோபிக்கும் கம்பாலாவுக்கும் கொண்டுபோனார்கள். நான்கு பேர் இறந்துபோனார்கள். கடைசியில் ஆராய்ந்து பார்த்தால் அது பெரிபெரி. தயமின் சத்துக் குறைவு. தீட்டிய அரிசியை மட்டும் தின்றால் வரும் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த அதே வியாதி, இருபத்தொன்றாம் நூற்றாண்டில், உலகமே கூடி ஒப்புதல் கொடுத்து அனுப்பிய ஒரு படைக்கு வந்தது. ஓராண்டில் 241 பேருக்கு அந்த அறிகுறிகள் இருந்ததாகப் பிறகு கணக்கெடுத்தார்கள். முகாமுக்கு வெளியே தலைகாட்டினால் சுடுவார்கள், எனவே உள்ளே கிடைத்ததை மட்டும் தின்றார்கள். காய்கறி இல்லை, பழம் இல்லை. கூலிக்குப் போகிறவன் இதற்கா போவான்?

சரி, கூலிக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியம் 2004ல் ஆப்பிரிக்க அமைதி நிதி என்று ஒன்றைத் தொடங்கியது. அதிலிருந்து அமிசோம் வீரர் ஒருவருக்கு மாதம் 1,028 டாலர் போனது. பணம் முதலில் அடிஸ் அபாபாவில் உள்ள ஆப்பிரிக்க ஒன்றியத்துக்குப் போகும், அங்கிருந்து படை அனுப்பிய அரசுக்கு, அந்த அரசு 200 டாலர் போலப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை வீரருக்குக் கொடுக்கும். சாப்பாடு, எரிபொருள், ஆஸ்பத்திரி எல்லாம் 2009லிருந்து ஐ.நா.வின் தனி அலுவலகம் ஒன்றின் பொறுப்பு. அதாவது சோறு ஒருவர் கணக்கு, சம்பளம் இன்னொருவர் கணக்கு, உயிர் மட்டும் உகாண்டா, புருண்டி கணக்கு. 2016 ஜனவரியில் ஐரோப்பா அந்தப் படியில் 20 சதவீதத்தை வெட்டியது. அதே ஆண்டில் ஐ.நா. தன் நீலத்தொப்பி வீரர் ஒருவருக்காக நாடுகளுக்குக் கொடுத்தது 1,300 டாலருக்கு மேல். ஐ.நா. படை போகத் தயங்கிய இடத்துக்குப் போனவனுக்குச் சம்பளம் குறைவு.

அந்த ஜனவரியில்தான் எல் அத்தே முகாமில், அந்தப் படை எதிர்த்துப் போரிட்ட அல் ஷபாப் என்ற ஆயுதக் குழு புகுந்து, பின்னால் அமிசோமில் சேர்ந்திருந்த கென்ய வீரர்களைக் கொன்று குவித்தது. எத்தனை பேர் என்று கென்ய அரசு சொல்லவே இல்லை. சோமாலிய அதிபர் ஹசன் ஷேக் முகமது ஒரு டிவி பேட்டியில் 180 முதல் 200 வரை என்று சொல்லிவிட்டார், நைரோபியில் அதற்கு ஏக எரிச்சல். இத்தனை ஆண்டுகளில் மொத்தம் எத்தனை ஆப்பிரிக்க வீரர்கள் அங்கே இறந்தார்கள் என்ற முழுக் கணக்கை ஆப்பிரிக்க ஒன்றியமும் நெடுங்காலம் வெளியிடவில்லை. பணக் கணக்கு மட்டும் டாலர் சுத்தமாக இருக்கிறது.

இப்போது புருண்டி. 2015ல் அதிபர் நுகுருன்சிசா மூன்றாவது முறையும் நிற்பேன் என்று பிடிவாதம் பிடித்ததில் நாடு ரத்தக்களரி ஆனது. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அமைப்புச் சட்டத்தில் 4(எச்) என்று ஒரு பிரிவு உண்டு. இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்றவை நடந்தால் உறுப்பு நாட்டுக்குள் ஒன்றியம் தலையிடலாம் என்பது அது. 1994ல் ருவாண்டாவைக் கைகட்டி வேடிக்கை பார்த்த வெட்கத்தில் எழுதப்பட்ட பிரிவு. 2015 டிசம்பரில் அதைக் காட்டி 5,000 பேரை அனுப்புவதாக அமைதி மன்றம் அறிவித்தது. வந்தால் எதிர்த்துச் சண்டை போடுவோம் என்றார் நுகுருன்சிசா. அடுத்த மாதம் அடிஸ் அபாபாவில் கூடிய தலைவர்கள் மெல்லப் பின்வாங்கிவிட்டார்கள். பக்கத்து வீட்டில் இன்றைக்குத் தலையிட்டால் நாளைக்கு நம் வீட்டுக்கும் வருவார்களே என்ற பயம்தான், வேறென்ன. ஐரோப்பாவோ, சோமாலியாவில் உள்ள வீரர்களின் படிப் பணம் புருண்டி அரசு கையில் போகக்கூடாது என்று நிறுத்தி வைத்தது. வீரர்கள் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் நின்றார்கள். படையைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று அரசு மிரட்டியது. இங்கே யார் யாரை ஆட்டிவைக்கிறார்கள் சொல்லுங்கள்? பணம் கொடுப்பவருக்கு ஒரு பிடி இருக்கிறது, ஆள் கொடுப்பவருக்கும் ஒரு பிடி இருக்கிறது. கூலிப்படை என்று சொல்லிவிட்டால் இந்த இரண்டாவது பிடி கண்ணில் படாது.

என் குறை பணத்தைப் பற்றியதே இல்லை. 2011 ஆகஸ்டில் அல் ஷபாப் மொகதிஷுவை விட்டு வெளியேறியது. கால் வீங்கிக் கிடந்த அந்தப் படைதான் தெருத்தெருவாகச் சண்டைபோட்டு அதைச் சாதித்தது. கென்யாவும் எத்தியோப்பியாவும் சேர்ந்தபின் படை 22,000 ஆனது. ஊர்கள் பிடிபட்டன. ஆனால் ஊருக்கும் ஊருக்கும் நடுவே உள்ள சாலை அல் ஷபாப் கையில். அந்தச் சாலையில் லாரி ஓட்டுகிறவன் அவர்களுடைய சோதனைச்சாவடியில் ஒரு தடவை வரி கட்டி ரசீது வாங்கிக்கொண்டால் அடுத்த சாவடியில் காட்டிவிட்டுப் போகலாம். அரசுத் தரப்புச் சாவடிகளில் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும், ரசீதும் கிடையாது. அவன் யாரை அரசாங்கம் என்று நினைப்பான்? படை வாங்கிக் கொடுத்தது கால அவகாசம். அதற்குள் குலங்களுக்குள் ஓர் ஒப்பந்தம், மாநிலங்களுக்கும் மொகதிஷுவுக்கும் இடையே ஓர் ஏற்பாடு, ஒழுங்காகச் சம்பளம் வாங்கும் ஒரு ராணுவம் என்று ஏதாவது உருவாகியிருக்க வேண்டும். அதைச் செய்வது யார் வேலை என்பதில் பிரஸ்ஸல்ஸும் நியூயார்க்கும் அடிஸ் அபாபாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோமாலியத் தலைவர்கள் அதில் சுகமாகக் குளிர்காய்ந்தார்கள்.

எங்கேயும் சரியாக நடந்ததில்லையா என்றால், நடந்திருக்கிறது. காம்பியாவில் 2016 டிசம்பர் தேர்தலில் தோற்ற அதிபர் யாஹ்யா ஜாமே முதலில் வெற்றியாளருக்கு வாழ்த்துச் சொன்னார், ஒரு வாரத்தில் மாற்றிப் பேசினார். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸ் விட்டுக்கொடுக்கவில்லை. 2017 ஜனவரி 19 அன்று, தேர்தலில் வென்ற அடாமா பாரோ பக்கத்து நாடான செனகலில், டக்காரில் இருந்த காம்பியத் தூதரகத்தில் பதவியேற்றார். அதே நாளில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் எக்கோவாஸை ஆதரித்துத் தீர்மானம் போட்டது, செனகல் தலைமையிலான படை எல்லையைத் தாண்டியது. இரண்டே நாளில் ஜாமே விமானம் ஏறிவிட்டார். சண்டை என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. சின்ன நாடு, மூன்று பக்கமும் செனகல், எளிதுதான். ஆனாலும் என்ன வேண்டும் என்பது முதலிலேயே ஒரே வரியில் முடிவாகியிருந்தது, அந்த வரியை எழுதியவர்கள் பக்கத்து நாட்டுக்காரர்கள்.

லிபியாவில் இதற்கு நேர் எதிர். 2011 மார்ச்சில் ஐந்து ஆப்பிரிக்க அதிபர்கள் சமரசத் திட்டத்தோடு திரிப்போலி போகக் கிளம்பினார்கள். கடாஃபிக்கு எதிராக மேற்கத்திய நாடுகளின் குண்டுவீச்சு தொடங்கிவிட்டதால் பறக்க அனுமதி கிடைக்கவில்லை. ஏப்ரலில் ஒருவழியாகப் போனார்கள், கடாஃபி தலையாட்டினார், பெங்காசியில் இருந்த கிளர்ச்சியாளர்கள் ஏற்கவில்லை. அந்தத் திட்டம் பலித்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். குண்டு வீசலாம் என்ற ஐ.நா. தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை தூக்கியதில் தென்னாப்பிரிக்கா, நைஜீரியா, காபோன் மூன்றும் உண்டு என்பதையும் மறைக்க முடியாது. ஆனால் கடாஃபிக்குப் பின் அவருடைய ஆயுதக் கிடங்குகள் தெற்கே மாலி வரைக்கும் போனபோது அதை அனுபவித்தது அடிஸ் அபாபா பக்கம்தான்.

மேடைப் பேச்சா என்று கேட்டீர்கள். ஓரளவு ஆமாம். 2016ல் கிகாலியில் கூடி, இறக்குமதியில் 0.2 சதவீதம் வரி போட்டு நம் செலவை நாமே பார்ப்போம் என்று முடிவெடுத்தார்கள். பல நாடுகள் இன்னும் அமல்படுத்தவில்லை. 2023 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 2719ஆம் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஆப்பிரிக்க ஒன்றியம் நடத்தும் படைக்கு ஐ.நா.வின் கட்டாயச் சந்தாவிலிருந்து 75 சதவீதம் வரை தரலாம் என்பது அதன் சாரம். இருபது வருடம் கேட்டுக் கிடைத்தது. சோமாலியாவுக்கு அதை முதலில் பயன்படுத்தலாம் என்று வந்தபோது அமெரிக்கா ஒப்பவில்லை. அமிசோம் 2022ல் பெயர் மாறி, 2025 ஜனவரியில் இன்னொரு முறை பெயர் மாறி ஆஸ்ஸோம் ஆகியிருக்கிறது. பதினேழு வருடம் நின்ற புருண்டி வெளியே போய்விட்டது. எகிப்து வருகிறேன் என்றது. நைல் அணை விஷயத்தில் எகிப்துக்கும் எத்தியோப்பியாவுக்கும் இருக்கும் பகை தெரியும்தானே? அந்த இரண்டு பேரும் ஒரே படையில்.

அப்புறம், இந்தியா. போயிருக்கிறது. 1993ல் ஐ.நா.வின் படையோடு ஒரு முழு பிரிகேட் பைடோவாவில் இருந்தது. அதில் இருந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரை எனக்குத் தெரியும். கிணறு தோண்டியதையும் ஒட்டகத்துக்கு வைத்தியம் பார்த்ததையும்தான் அதிகம் பேசுவார், துப்பாக்கியைப் பற்றி ஒரு சொல் வராது. முதல்நாள் ஊருக்குள் போனபோது ஒரு பெரியவர் இவர்களை உட்காரவைத்து, நிறையச் சர்க்கரை போட்ட டீ கொடுத்துவிட்டு, எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்டாராம். இவர் மேலதிகாரியைப் பார்த்தார், மேலதிகாரி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். 1994 டிசம்பரில் கிஸ்மாயோவில் கப்பல் ஏறினார்கள்.