இரண்டாம் முறை பார்ப்பவர்

வணக்கம் ஐயா,

கிறிஸ்டோபர் நோலனின் 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தை மறுவெளியீட்டில்தான் முதன்முறையாகப் பெரிய திரையில் பார்த்தேன். கடல் மூடிய கோளிலிருந்து விண்கலத்துக்குத் திரும்பும் தந்தை, 23 ஆண்டுகளாகத் தேங்கிக் கிடக்கும் பிள்ளைகளின் காணொளிச் செய்திகளைப் பார்க்கும் காட்சியில் அழுதுவிட்டேன். என் வரிசையில் பலரும் அழுதார்கள். வீடு திரும்பியதும், படம் வெளியான காலத்து விமர்சனங்களைத் தேடிப் படித்தேன். மிகையுணர்ச்சி என்றும், எல்லாவற்றையும் வசனத்தில் விளக்கிக்கொண்டே இருக்கிறார்கள் என்றும் பலர் குறை சொல்லியிருந்தார்கள். இலக்கியம் படித்த என் அக்காவும் அதே கட்சி. "உன்னை அழவைத்தது ஆர்கன் இசை, படம் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. டிக்கெட் வாங்கிப் பார்ப்பவனின் கண்ணீரைவிட, சிறப்புக் காட்சியில் இலவசமாகப் பார்ப்பவரின் குறிப்பேடு எப்படி உயர்ந்ததாகும்? இவ்வளவு செலவு செய்து இந்தப் படங்களை எங்களுக்காகத்தானே எடுக்கிறார்கள்? பெருஞ்செலவில் வரும் அறிவியல் புனைகதைப் படங்களைச் சரியாக மதிப்பிடுவது விமர்சகர்களா, பார்வையாளர்களா? சுற்றிவளைக்காமல் சொல்ல வேண்டுகிறேன்.

ம.

*

அன்புள்ள ம.,

நீங்கள் அழுத அதே காட்சிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். 2014-இல் அந்தப் படத்துக்கு நானும் ஒரு பத்திரிகையில் விமர்சனம் எழுதினேன். இரவுக் காட்சி பார்த்துவிட்டு வந்து, விடிவதற்குள் எழுதிக் கொடுத்தது. விண்வெளியின் இரு தொலைதூர இடங்களை இணைக்கும் குறுக்குவழியான புழுத்துளைக்குள் விண்கலம் நுழையப் போகும் நேரத்தில், ஒரு விஞ்ஞானி தாளை மடித்துப் பேனாவால் குத்தி, புழுத்துளை என்றால் என்ன என்று கலத்தை ஓட்டுபவருக்குப் பாடம் நடத்துவார். அவ்வளவு தூரம் வந்துவிட்டவருக்கு அதுகூடத் தெரியாதா என்று கேட்டு ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தேன். அந்தக் கேள்வி இன்றும் நியாயமானதுதான். ஆனால் தந்தை காணொளி பார்க்கும் காட்சியைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் காட்சியில் நான் அழுதேன். அழுததனாலேயே எழுதாமல் விட்டேன்.

ஏன் விட்டேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். 16.5 கோடி டாலர் செலவில் எடுத்த படம் அது. அவ்வளவு பணம் கொட்டி எடுத்த ஒன்று என்னை அழவைத்தால், என்னை ஏதோ விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்ற கூச்சம் எனக்குள் எழுந்தது. சிறிய படம் ஒன்றில் அழுதிருந்தால் அதைப் பெருமையோடு எழுதியிருப்பேன். பெரிய படம் என்பதால் என் கண்ணீரையே சந்தேகித்தேன். விமர்சகர்கள் பலரிடம் இந்தக் கூச்சம் உண்டு. பெருஞ்செலவுப் படத்தை மதிப்பிடும்போது எங்கள் கண்ணை மறைப்பது பெரும்பாலும் இதுதான், அறியாமை அல்ல.

பார்வையாளருக்கும் பணம் வேறொரு வழியில் கண்ணை மறைக்கிறது. விளம்பரம் மாதக்கணக்கில் ஓர் ஆசையை வளர்த்துவிடுகிறது. டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்து, வேலையை ஒதுக்கி, நண்பர்களைத் திரட்டிக்கொண்டு போகிறோம். ஆசைப்பட்டது கிடைத்ததா என்பதுதான் முதல் நாளின் கேள்வி. கிடைத்த பொருள் எத்தகையது என்ற கேள்வி அன்றைக்கு எழுவதில்லை. அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் 1979 முதல், படம் வெளியாகும் இரவில் அரங்கை விட்டு வெளியே வருகிறவர்களிடம் சீட்டுக் கொடுத்து மதிப்பெண் கேட்கிறது. 2002-இல் ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கிய 'சோலாரிஸ்' அங்கே வாங்கியது எஃப். இருப்பதிலேயே கடைசி மதிப்பெண். இறந்த மனைவி திரும்பி வரும்போது வருவது அவளா, நம் நினைவில் இருக்கும் அவளா என்று மெதுவாக, தாழ்ந்த குரலில் கேட்கும் படம் அது. விளம்பரமோ அதை விண்வெளிக் காதல் கதையாக விற்றது. அந்தச் சீட்டில் மக்கள் எழுதியது விளம்பரத்துக்கு எதிரான தீர்ப்பு என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் மூன்று நாள் வசூலை மக்கள் தீர்ப்பு என்று சொல்வதையும் நான் ஏற்பதில்லை. டிக்கெட்டைப் படம் பார்ப்பதற்கு முன்பே வாங்கிவிடுகிறோம். அந்த வசூல் முன்னோட்டத்துக்குக் கிடைத்தது. 'பிளேடு ரன்னர் 2049' படத்துக்கு 2017-இல் கூட்டம் போதுமான அளவு வரவில்லை. போட்ட பணம் திரும்பவில்லை. பார்த்தவர்களில் பெரும்பாலோர் மெச்சினார்கள். வராதவர்கள் எதையும் மதிப்பிடவில்லை. ஆனால் அடுத்த படத்துக்குப் பணம் போடுகிறவர், வராதவர்களின் பேச்சைத்தான் கேட்பார். எனக்கு இது வருத்தம் தரும் விஷயம்.

'பார்வையாளர்கள்' என்று நீங்கள் ஒரே கூட்டமாகச் சொன்னதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அதே 2017-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' தொடரின் எட்டாம் பாகம் முதல் நாள் அரங்குக்கு வந்தவர்களிடம் சினிமாஸ்கோர் சீட்டில் ஏ மதிப்பெண் பெற்றது. விமர்சனங்களைத் திரட்டித் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் தாமாக வந்து வாக்களித்த ரசிகர்களிடம் 50 சதவீதத்துக்கும் கீழே போனது. இரண்டு தரப்புமே பார்வையாளர்கள்தான். அந்தத் தளத்தில் விமர்சகர்களுக்கென்று போடப்படும் சதவீதத்தையும் பலர் தவறாகப் படிக்கிறார்கள்; சாதகமாக எழுதியவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதை மட்டுமே அது சொல்கிறது. பத்து விமர்சகர்கள் 'பரவாயில்லை, பார்க்கலாம்' என்று மட்டும் எழுதினாலும் அங்கே 100 என்று வரும். ஏழு பேர் கொண்டாடி மூன்று பேர் திட்டிய படத்துக்கு 70 கிடைக்கும். நான் முதலில் பார்க்க விரும்புவது அந்த 70 வாங்கிய படத்தை.

சுற்றிவளைக்க வேண்டாம் என்றீர்கள். என் பதில் இதுதான்: இந்த வகைப் படங்களில் முதல் வாரத் தீர்ப்பு யார் வாயிலிருந்து வந்தாலும் நான் நம்புவதில்லை. திரும்பி வந்து இரண்டாம் முறை பார்ப்பவரை நம்புகிறேன். அவர்களில் பெரும்பாலோர் உங்களைப்போல டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் என்பதும் உண்மை. நமக்குத் தெரிந்த உலகத்தில் நடக்கும் கதையில் வீடு, தெரு, அலுவலகம் எல்லாம் முன்பே பழகியவை. முதல் காட்சியிலிருந்தே மனிதர்களைக் கவனிக்கலாம். அறிவியல் புனைகதை ஒரு புதிய உலகத்தைக் கொண்டுவந்து வைக்கிறது. அங்கே காலம் எப்படி ஓடுகிறது, யார் மனிதர், யார் எந்திரம் என்று கற்றுக்கொள்வதிலேயே முதல் பார்வை செலவாகிவிடுகிறது.

இதற்கு நான் அறிந்ததில் மிகத் தெளிவான சான்று ரிட்லி ஸ்காட்டின் 'பிளேடு ரன்னர்'. 1982 மார்ச்சில், முழுமை பெறாத ஒரு பிரதியை டென்வர், டல்லஸ் நகரங்களில் பார்வையாளர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். புரியவில்லை, இருண்டு கிடக்கிறது என்றார்கள் பார்த்தவர்கள். தயாரிப்புத் தரப்பு பயந்துபோனது. நாயகன் கதையை எடுத்துச் சொல்வதுபோலப் பின்னணிக் குரல் சேர்த்தார்கள். கடைசியில் காதலர்கள் பசுமலைகளுக்கு நடுவே காரில் போகும் காட்சி ஒட்டப்பட்டது. அந்த மலைகள் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் 'தி ஷைனிங்' படத்துக்காக வானிலிருந்து எடுத்து, பயன்படுத்தாமல் வைத்திருந்த காட்சிகள்.

நான் முதலில் வீடியோ கேசட்டில் பார்த்தது அந்தப் பிரதியைத்தான். மழையில் மொட்டைமாடியில் செயற்கை மனிதன் உட்கார்ந்திருக்கிறான். தன்னைக் கொல்ல வந்தவனை இப்போதுதான் விழாமல் பிடித்துக் காப்பாற்றியிருக்கிறான். தான் கண்டவையெல்லாம் தன்னோடு அழியப் போகின்றன என்று நான்கைந்து வரிகள் பேசுகிறான். தலை மெல்லக் குனிகிறது. கையிலிருந்த புறா பறக்கிறது. மழை மட்டும் பெய்துகொண்டே இருக்கிறது. அந்த இடத்தில் பின்னணிக் குரல் தொடங்கி, அவன் ஏன் காப்பாற்றினான் தெரியுமா, உயிரை அவன் அவ்வளவு நேசித்திருக்கலாம் என்று விளக்கம் சொல்கிறது. பல ஆண்டுகள் கழித்து அந்தக் குரல் இல்லாத பிரதியைப் பார்த்தபோது, அதே மழையில் நான் மட்டும் தனியாக விடப்பட்டதுபோல இருந்தது. அந்த விளக்கத்தை நானே எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. படம் என்னிடம் எதிர்பார்த்ததும் அதைத்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். 1990-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஒரு திரையரங்கில் 70 எம்.எம். பிரதி ஒன்று திரையிடப்பட்டது. ஊரறிந்த பிரதி என்று நினைத்துப் போட்டார்கள். ஓடியதோ, டென்வரிலும் டல்லஸிலும் காட்டப்பட்ட அதே முழுமை பெறாத பிரதி. இந்த முறை மக்கள் அதைக் கொண்டாடினார்கள். அடுத்த ஆண்டு திரும்பவும் திரையிட்டபோது கூட்டம் அலைமோதியது. 1992-இல் பின்னணிக் குரலும் பசுமலையும் இல்லாத இயக்குநர் பிரதி வெளிவந்ததற்கு அந்தக் கூட்டமே காரணம். எட்டு ஆண்டுகளுக்கு முன் தள்ளிவிட்டதும் மக்கள்தான், இப்போது மீட்டுக் கொடுத்ததும் மக்கள்தான். இடையில் அவர்கள் அந்த உலகத்தைக் கேசட்டில் பலமுறை பார்த்துப் பழகியிருந்தார்கள். விமர்சகர்களும் அதே வழியில்தான் வந்தார்கள். ரோஜர் ஈபர்ட் 1982-இல் காட்சிகளை வியந்து, மனிதக் கதை மெலிந்திருக்கிறது என்று எழுதினார். 2007-இல் அதே படத்தைத் தம்முடைய மகத்தான படங்களின் வரிசையில் சேர்த்துக்கொண்டார்.

ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' 1968 ஏப்ரலில் வந்தபோதும் இப்படித்தான் ஆயிற்று. முதல் 25 நிமிடம் ஒரு வசனமும் கிடையாது. முதல் திரையிடல்களுக்குப் பிறகு குப்ரிக்கே சுமார் 19 நிமிடங்களை வெட்டினார். பாலின் கேல் போன்ற கூர்மையான விமர்சகர்கூடப் படத்தில் கற்பனையே இல்லை என்று கடுமையாக எழுதினார். இளைஞர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள்; சில அரங்குகளில் ஓராண்டுக்கும் மேல் ஓடியது. நான் இங்கே சொல்ல விரும்புவது ஜோசப் ஜெல்மிஸ் என்ற விமர்சகரைப் பற்றி. நியூஸ்டே நாளிதழில் படத்தைக் குறை சொல்லி எழுதியவர், திரும்பப் போய்ப் பார்த்தார். தம் கருத்தை மாற்றிக்கொண்டு அதே நாளிதழில் மீண்டும் எழுதினார். அச்சில் வந்த சொல்லைத் திரும்பப் பெறுவது எங்கள் தொழிலில் எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அவரை நினைக்கும்போதெல்லாம் என் 2014 கட்டுரை நினைவுக்கு வருகிறது.

துறை அறிந்தவர் என்பதாலும் தப்ப முடியாது. 1927-இல் 'மெட்ரோபோலிஸ்' என்ற மௌனப் படம் வந்தபோது அதைக் கிழித்துப் போட்டவர்களில் ஒருவர், அறிவியல் புனைகதையின் முன்னோடியான எச்.ஜி.வெல்ஸ். எந்திரம் பெருகினால் அடிமை உழைப்பு குறையத்தானே செய்யும் என்று வாதிட்டார். தர்க்கத்தில் பிழை இல்லை. திரையில் எந்திரமே வாய் பிளந்த தெய்வமாகித் தொழிலாளர்களை விழுங்குவதை அவருடைய தர்க்கம் பார்க்க விடவில்லை.

அப்படியானால் விமர்சகர் எதற்கு என்று கேட்பீர்கள். நீங்கள் அழுத காட்சி எப்படிக் கட்டப்பட்டது என்று பிரித்துக் காட்டுவதற்கு. 2014-இல் நான் செய்யத் தவறிய வேலையை இப்போது செய்கிறேன். கருந்துளைக்கு அருகே இருக்கும் அந்தக் கோளில் ஒரு மணி நேரம் கழிந்தால் பூமியில் 7 ஆண்டுகள் ஓடிவிடும். ஈர்ப்பு வலுவாக உள்ள இடத்தில் காலம் மெதுவாக நகரும் என்பது ஐன்ஸ்டைன் தந்த இயற்பியல். பாடநூலில் அதை ஒரு சமன்பாடாகப் படித்துவிட்டுப் போகிறோம். இங்கே ராட்சத அலை மோதி, எந்திரத்துக்குள் நீர் புகுந்து, சில மணி நேரம் தாமதமாகிறது. திரும்பி வந்து தந்தை திரைமுன் உட்காரும்போது மகன் படிப்பை முடித்திருக்கிறான், தந்தையாகியிருக்கிறான், பெற்ற குழந்தையைப் பறிகொடுத்திருக்கிறான். எல்லாம் சில நிமிடங்களில் வந்து போகின்றன. பிறகு மகள் திரையில் வருகிறாள். அவன் விட்டுப் புறப்பட்டபோது அவனுக்கு என்ன வயதோ, அந்த வயது இப்போது அவளுக்கு. பிரிந்த தந்தையின் கதை எந்த மொழியிலும் உண்டு. மகளின் வயதும் தந்தையின் வயதும் ஒன்றாகிவிடும் துயரத்தை வேறு எந்த வகைக் கதையும் தர முடியாது. உங்களை அழவைத்ததில் அந்தச் சமன்பாட்டுக்குப் பங்கு உண்டு. 'மிகையுணர்ச்சி' என்று எழுதியவர்கள் அதைத் தவறவிட்டார்கள். வாய் திறக்காமல் இருந்த நானும்தான்.

உங்கள் அக்கா சொன்னதை ஒதுக்கிவிடாதீர்கள். ஹான்ஸ் ஸிம்மரின் ஆர்கன் இசைக்கு அந்தப் படத்தில் பெரும்பங்கு உண்டு. எது இசையின் வேலை, எது காட்சியின் வேலை என்று கேட்பது நல்ல விமர்சகரின் கேள்வி. அதற்கு விடை காண என்னைவிட நீங்கள் இருவரும் பொருத்தமானவர்கள். ஒரு மாலை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒலியை முழுவதுமாக அடைத்துவிட்டு, அந்த ஒரு காட்சியை மட்டும் பாருங்கள். திரையின் அடியில் ஓடும் வசன எழுத்துகளும் வேண்டாம், அந்த மனிதனின் முகம் மட்டும் போதும். என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். அக்காவையும் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.