பட்டுப்பூச்சியின் வட்டம் – கடிதம்

அன்புள்ள சார்,

பூச்சிகளைப் பார்த்துச் செய்த ரோபோக்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘வாசனை கூடுகிற பக்கமாகவே பூச்சி போய்க்கொண்டிருக்கும்’ என்று ஒரு வரி வருகிறது. எனக்குத் தருமபுரிப் பக்கம். பள்ளி விடுமுறையில் பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் இடத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறேன். கூட்டை விட்டு வந்த ஆண் பூச்சி தட்டில் இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நேராக ஓடும், அப்புறம் இடமும் வலமுமாகத் திரும்பும், கடைசியில் கிறுக்குப் பிடித்த மாதிரி வட்டமடிக்கும். பெண் பூச்சி ஒரு சாண் தள்ளித்தான் இருக்கும். வாசனை கூடுகிற பக்கம் போவதென்றால் இவ்வளவு சுற்றுவானேன்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்வதுதான் சரி. அந்த வரி தப்பு, நான் யோசிக்காமல் எழுதியது.

ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திவைத்து ஃபேனை மெதுவாகச் சுழலவிட்டுப் பாருங்கள். புகை பத்திக்குப் பக்கத்தில் அடர்த்தியாகவும் தள்ளிப்போகப்போக மெலிசாகவும் சீராகப் பரவுவதில்லை; இழை இழையாகக் கிழிந்து, சுருண்டு, நடுநடுவே வெறும் காற்றோடு கலந்து போகிறது. பெண் பூச்சியின் வாசனையும் அப்படித்தான். ஒரு நொடி இழை ஒன்று ஆணின் தலையில் இருக்கும் உணர்கொம்பில் (பூச்சிக்கு அதுதான் மூக்கு) படும், அடுத்த நொடி ஒன்றுமிருக்காது. பெண்ணுக்கு ரொம்பப் பக்கத்திலேயே ஒரு வெறும் இடத்தில் மாட்டிக்கொண்டால், கூடுகிற பக்கம் போவது என்ற என் விதி அதை நேர் எதிரே கொண்டுபோய் விட்டுவிடும்.

அதனால் பூச்சி அளந்து பார்ப்பதே இல்லை. வாசனை பட்டதா, பட்ட பக்கம் நேரே கொஞ்சம் ஓட்டம். விட்டுப்போனதா, இடம் வலம். அப்புறமும் இல்லையா, வட்டம். நடுவில் ஒரு இழை பட்டுவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலிலிருந்து. நீங்கள் தட்டில் பார்த்த அதே வரிசைதான். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ரியோஹெய் கன்சாகியின் குழு வருஷக்கணக்காக இதைப் பதிவு செய்திருக்கிறது. 2013-ல் அவர்கள் ஒரு படி மேலே போய், ஆண் பட்டுப்பூச்சியையே டிரைவராக உட்காரவைத்தார்கள். காற்றில் மிதக்கும் ஒரு லேசான பந்தின் மேல் பூச்சி நடக்கும், பந்து எப்படி உருள்கிறதோ அப்படி ரெண்டு சக்கர வண்டி நகரும். வேண்டுமென்றே வண்டியை ஒரு பக்கமாக இழுக்கவைத்தபோதும் பூச்சி சமாளித்து வாசனை இருந்த இடத்துக்குப் போய்விட்டது.

பறக்கிற பூச்சிகளின் பாடு இன்னும் சிக்கல். அவற்றின் வழி, வாசனை பட்டால் காற்றுக்கு எதிரே போவது, விட்டால் காற்றுக்குக் குறுக்கே அலைவது. ஆனால் பறந்துகொண்டிருப்பதற்குக் காற்று எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? ஆற்றில் மிதக்கிறவனுக்கு இழுப்பு உடம்பில் தெரியாது, கரையில் இருக்கிற மரத்தைப் பார்த்தால்தான் தெரியும். பூச்சியும் கீழே தரை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துத்தான் காற்றைக் கணிக்கிறது. மோப்பம் பிடிக்கக் கண்ணும் வேண்டும் என்பது எனக்குப் புதிதாகத்தான் இருந்தது.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2020-ல் வெளியிட்ட ஸ்மெல்லிகாப்டர் இந்த இடத்தில் சாமர்த்தியம் பண்ணியது. கையளவு டிரோன், வாலில் ரெண்டு பிளாஸ்டிக் துடுப்பு. காற்றுத் திசை காட்டும் சேவல் மாதிரி அது எப்போதும் காற்றைப் பார்த்தே திரும்பிக்கொள்ளும். மூக்கு மட்டும் நிஜம். புகையிலைச் செடியைத் தின்னும் புழுவிலிருந்து வருகிற பெரிய அந்துப்பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து மரக்கவைத்து, உணர்கொம்பை எடுத்து, குழாய் போன்ற அதன் ரெண்டு முனையிலும் மெல்லிய கம்பி செருகினார்கள். வெட்டியெடுத்த பிறகும் சுமார் 4 மணி நேரம் அது வாசனைக்குப் பதில் சொல்கிறது. பூச்சியைப் பார்த்துச் செய்த ரோபோ என்று நாம் பெருமையாகச் சொன்னாலும், மூக்குக்குப் பூச்சியிடமே கடன் வாங்க வேண்டியிருக்கிறது. வந்து போகும் இழைகளைத் தனித்தனியாகப் பிடிக்க வேண்டுமே, சாதாரண வாயு சென்சார் ஒரு தடவை பட்டதிலிருந்து மீள்வதற்குள் அடுத்த இழை போய்விடும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அந்தப் படபடப்பைப் பற்றி. ஆயிரக்கணக்கான வருஷம் மனிதர் வளர்த்ததில் பட்டுப்பூச்சிக்குப் பறக்க வராது. இறக்கை அடிப்பது மட்டும் மிச்சம். அந்த அடிப்பில் முன்னாலிருக்கிற காற்று உணர்கொம்பின் மேல் இழுபடுகிறது, நாம் மூக்கை உறிஞ்சுகிற மாதிரி. டோக்கியோ வண்டியில் பூச்சியை உள்ளே அடைத்துவிட்டதால் இந்த வேலைக்குச் சின்ன ஃபேன்கள் வைக்க வேண்டியிருந்தது.

கட்டுரையில் அந்த வரியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் உங்கள் தட்டுக் காட்சியைப் போட்டுக்கொள்ளலாமா?