வெளியூர்க்காரர்கள் வந்து குவிந்தால் உள்ளூர்க்காரர்களின் கூலி குறையுமா?

ஆள் கூடினால் கூலி இறங்கும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1980-இல் கியூபாவின் மாரியல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 பேர் சில மாதங்களுக்குள் படகேறி அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு வந்தார்கள். அங்குள்ள மயாமி நகரின் உழைப்பாளர் எண்ணிக்கை ஒரேயடியாக 7 சதவீதம் உயர்ந்தது. 1990-இல் பொருளாதார அறிஞர் டேவிட் கார்டு இதை ஆராய்ந்தபோது, அங்கிருந்த தொழிலாளர்களின் கூலியிலும் வேலைவாய்ப்பிலும் பெரிய பாதிப்பு எதுவும் தெரியவில்லை. வந்தவர்கள் வேலை தேடுபவர்கள் மட்டுமல்ல, சாப்பிடுகிறார்கள், வாடகை கொடுக்கிறார்கள்; அதுவும் வேலையை உண்டாக்கும்.

சரி, விவாதம் அதோடு முடிந்ததா? இல்லை. ஜார்ஜ் போர்ஹாஸ் என்ற இன்னொரு பொருளாதார அறிஞர் அதே நிகழ்வின் தரவைத் திரும்பப் புரட்டி, பள்ளிப் படிப்பை முடிக்காத ஆண்களின் கூலி 10 முதல் 30 சதவீதம் வரை சரிந்தது என்றார். மைக்கேல் கிளெமன்ஸும் ஜெனிஃபர் ஹன்ட்டும் அதற்கு மறுப்பு எழுதினார்கள்: சரியாக அந்த நேரத்தில்தான் கணக்கெடுப்பில் குறைந்த கூலி பெறும் கறுப்பின ஆண்கள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டார்கள், சரிவின் பெரும்பகுதி அதனால் வந்த தோற்றமாக இருக்கலாம் என்று. கணக்கெடுப்பில் இடம்பெற்ற அத்தகைய ஆண்களின் எண்ணிக்கையோ மிகச் சிறியது. எனக்கு இந்த மறுப்புதான் வலுவாகப் படுகிறது. ஆனாலும் மயாமியில் நடந்தது எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட மாட்டேன்.