முதலில் அண்ணனுக்குப் பதில் சொல்லுங்கள்

கேள்வி: மெக்கானிக்கல் படித்துவிட்டு, கோவை கணபதியில் ஒரு சிறிய பம்ப் கம்பெனியின் டிசைன் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 27. சம்பளம் 21,000 ரூபாய். அப்பாவின் மருந்துச் செலவு, தங்கையின் படிப்பு போக மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. பெரிய நிறுவனத்துக்கு மாற வேண்டும். தொழில் தொடர்புகளுக்கான லிங்க்டின் இணையதளத்தில் 2,300 பேர் தொடர்பில் இருக்கிறார்கள், பெரும்பாலும் எச்.ஆர். அதிகாரிகள். யாருக்கு எழுதினாலும் பதில் இல்லை. எனக்கு வரும் தொடர்பு அழைப்புகளோ எதற்கும் பயன்படாதவை. எனக்கு அண்ணன் முறையான சித்தப்பா மகன்கூட அனுப்பியிருக்கிறார். சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர்; என் கல்லூரி புராஜெக்டுக்கு இம்பெல்லர் (பம்பின் உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) கடைந்து கொடுத்தவர்தான். ஏற்றால் என் லிங்க்டின் பக்கத்தின் தரம் குறையுமோ என்று அப்படியே வைத்திருக்கிறேன். பிரீமியம் சந்தா கட்டவும், 15,000 ரூபாய் கேட்கும் பயிற்சி வகுப்பில் சேரவும் வசதி இல்லை. காசு செலவழிக்காமல் தொடர்புகளைப் பெருக்குவது எப்படி?
— வாசகர், கோவை

பதில்: தம்பி, காசு இல்லை என்பதை விரிவாக எழுதியிருக்கிறீர்கள். அண்ணனைப் பற்றி மூன்றே வரி எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். என்னால் அந்த மூன்று வரியைக் கடக்க முடியவில்லை.

உங்களுக்காக இம்பெல்லர் கடைந்தவர், அன்று தன் வேலையை நிறுத்திவிட்டுத்தான் கடைந்திருப்பார். ஜாப் ஒர்க், அதாவது மற்ற கம்பெனிகளின் வேலையைக் கூலிக்குச் செய்து கொடுக்கும் பட்டறையில் ஒரு லேத் ஒரு நாள் நின்றால் அது கூலி நஷ்டம். சித்தப்பா மகனிடம் நீங்கள் காசு கொடுத்திருக்க மாட்டீர்கள், அவரும் வாங்கியிருக்க மாட்டார். அந்த புராஜெக்டைக் காட்டித்தான் பட்டம் வாங்கினீர்கள். உங்கள் பக்கத்தில் கல்லூரிச் சாதனைகளின் வரிசையில் அது இன்றும் இருக்கும் என்றே நினைக்கிறேன். கடைந்து கொடுத்த பொருள் பக்கத்தில் இருக்கலாம், கடைந்தவர் இருந்தால் தரம் குறையுமா? யார் உங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?

எந்த ஊரில் உட்கார்ந்து இப்படி நினைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டார் 1937-இல் கோவையில் உருவானது. அதைச் செய்தவர்களில் ஒருவரான ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். இந்த ஊரின் பம்ப் தொழிலே பவுண்டரியிலும் லேத்திலும் கை கறுத்தவர்கள் வளர்த்தது. நீங்கள் கணினியில் வரையும் ஷாஃப்ட்டை, டாலரன்ஸ் (அனுமதித்த அளவு வித்தியாசம்) பிசகாமல் இரும்பில் கொண்டுவருபவர் உங்கள் அண்ணனைப் போன்ற ஒருவர்தான். அவரைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ள வெட்கப்படும் டிசைன் இன்ஜினீயருக்குத் தன் தொழிலே இன்னும் புரியவில்லை.

சரி, உங்கள் காரியத்துக்கே வருகிறேன். பட்டறைக்காரர் ஒரு மாதத்தில் எத்தனை கம்பெனி வாசல் ஏறி இறங்குகிறார் என்று என்றாவது கேட்டிருக்கிறீர்களா? பர்ச்சேஸ் அதிகாரி, சரக்கைச் சோதித்து வாங்கும் தர ஆய்வாளர், ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் என்று எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் அவருக்கு இருக்கும். ஒரு கம்பெனியில் ஆர்டர் கூடுகிறது என்பது வேலைவாய்ப்பு விளம்பரம் வருவதற்கு முன்பே ஜாப் ஒர்க் செய்பவருக்குத் தெரியும், ஏனென்றால் கூடுதல் வேலை முதலில் அவர் பட்டறைக்குத்தான் வருகிறது. எந்த கம்பெனியின் டிராயிங் திருத்தத்துக்கு அடிக்கடி திரும்பிப் போகிறது, எங்கே டிசைன் பிரிவில் ஆள் போதவில்லை என்பதையும் அவரிடம் கேட்கலாம். நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் எச்.ஆர். அதிகாரிகளுக்கு உங்கள் பெயரைத் தவிர ஒன்றும் தெரியாது. அவர்கள் ஏன் பதில் போட வேண்டும்?

வேலை எந்த வழியாகக் கிடைக்கிறது என்று அமெரிக்காவில் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்து 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்துவந்தவர்கள் நூற்றுக்கு 17 பேர் அளவில்தான். மற்றவர்கள் எப்போதாவது, அல்லது மிக அரிதாகப் பார்த்தவர்கள். லிங்க்டினிலேயே 2 கோடி பேரை வைத்து நடந்த ஆய்வு 2022-இல் சயின்ஸ் இதழில் வந்தது. அதுவும், மிக நெருங்கியவர்களைவிட அவ்வளவு நெருக்கம் இல்லாதவர்கள் வழியாகவே வேலை மாற்றம் அதிகம் நடந்ததைக் கண்டது. கிரானோவெட்டர் சொன்னதில் ஒன்றைக் கவனியுங்கள்: அரிதாகப் பார்த்தாலும் அவர்கள் பழகியவர்கள். பழைய அலுவலக நண்பர், வகுப்புத் தோழர், அண்ணன் வழியாக நீங்கள் பழகும் பர்ச்சேஸ் அதிகாரி ஆகியோர் அந்த வகை. உங்கள் 2,300 பேரில் எத்தனை பேர் உங்களை ஒருமுறையாவது பார்த்திருக்கிறார்கள்?

காசில்லாமல் என்ன முடியும் என்று கேட்டீர்கள். உங்களுக்குத் தேவையான அனைத்தும் முடியும். அழைப்பு அனுப்பவும், ஏற்கவும், தொடர்பில் இருப்பவருக்குச் செய்தி எழுதவும் கட்டணம் இல்லை. உங்கள் கல்லூரியின் பக்கத்தில் முன்னாள் மாணவர்கள் பகுதியைத் திறந்தால், யார் எந்த ஊரில், எந்த நிறுவனத்தில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். இலவசக் கணக்கில், அழைப்போடு சேர்த்துத் தனிக் குறிப்பு எழுதும் வாய்ப்பு மாதத்துக்கு மிகச் சிலமுறைதான் கிடைக்கும். அந்தச் சில குறிப்புகளை முகமறியாத எச்.ஆர். அதிகாரிகளுக்கு வீணாக்காதீர்கள். உங்கள் கல்லூரியில் படித்து பம்ப், வால்வு, மோட்டார் நிறுவனங்களில் டிசைன் வேலை செய்யும் சீனியர்களுக்கு எழுதுங்கள். படித்த ஆண்டு, இப்போது செய்யும் வேலை, அவர் பதில் சொல்லக்கூடிய ஒரே ஒரு தொழில் கேள்வி, இவ்வளவு போதும். ‘வேலை இருந்தால் சொல்லுங்கள்’ என்ற வரி அதில் வரக் கூடாது.

மாதம் இரண்டு முறை உங்கள் வேலையைப் பற்றி எழுதுங்கள். ஒரு இம்பெல்லரின் இறகுக் கோணத்தை ஏன் மாற்றினீர்கள், காஸ்டிங்கில் (வார்ப்பில்) எங்கே குறை வந்தது, எப்படிச் சரியானது என்று எழுதினால், அந்தத் தொழிலில் இருப்பவர் நின்று படிப்பார். கம்பெனி ரகசியத்தையும் டிராயிங்கையும் மட்டும் வெளியே விடாதீர்கள். ஒருவர் பதிவுக்கு மற்றவர் லைக் போடுவதற்கென்றே நடக்கும் வாட்ஸ்அப் குழுக்களின் பக்கம் போக வேண்டாம். லிங்க்டின் விதிகளே அதை ஏற்பதில்லை. அங்கே கூடுவதும் உங்களைப் போலவே வேலை தேடும் கூட்டம்தான். பயிற்சி வகுப்புக்குக் கேட்கும் 15,000 ரூபாய் உங்கள் தங்கையின் படிப்புக்குச் சேர வேண்டியது. கடன் வாங்கிக்கூடக் கட்டாதீர்கள்.

குடும்பத்தைப் பற்றி என் எண்ணத்தை மறைக்க மாட்டேன். முன்னேறியவன் தன்னைத் தூக்கிவிட்டவரை நாலு பேர் முன்னால் அடையாளம் காட்ட வேண்டும். அது கடமை, அதில் தள்ளுபடி கிடையாது. இன்று ஒரு இணையப் பக்கத்தில் அண்ணனை மறைப்பவர், நாளை பெரிய நிறுவனத்தில் சேர்ந்ததும் அப்பாவின் வேலையை யாராவது கேட்டால் பேச்சை மாற்றுவார். உங்கள் தங்கையும் இதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வாள்.

அவருடைய அழைப்பை இன்றே ஏற்றுக்கொள்ளுங்கள். சும்மா பொத்தானை அழுத்திவிட்டு இருந்துவிடாமல் போனில் கூப்பிட்டு, இத்தனை நாள் பதில் சொல்லாததற்கு மன்னிப்புக் கேளுங்கள். புராஜெக்டைப் பற்றி எழுதிய இடத்தில் இம்பெல்லரைக் கடைந்த பட்டறையின் பெயரைச் சேருங்கள். ஞாயிற்றுக்கிழமை நேரில் போங்கள். உங்கள் கம்பெனி டிராயிங்குகளில் பட்டறைக்காரர்களுக்கு எது தொந்தரவாக இருக்கிறது என்று கேட்டு, அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை மாறும் விஷயத்தை அன்றைக்கு எடுக்க வேண்டாம். அவருக்கு ஜிஎஸ்டி கணக்கிலோ, கொட்டேஷன் தயாரிப்பதிலோ, கணினியால் இயங்கும் சி.என்.சி. எந்திரத்துக்கு வங்கிக் கடன் விண்ணப்பம் எழுதுவதிலோ உங்களால் உதவ முடியுமா என்று கேட்டு, முடிந்ததைச் செய்து கொடுத்துவிட்டு வாருங்கள். உங்கள் வேலையைப் பற்றி அடுத்த முறை போகும்போது பேசிக்கொள்ளலாம்.